இரண்டாவது அடி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு 'ஆங்கிள்' என்று பெயர். சவ ஊர்வலமோ சாலை விபத்தோ, முழங்காலை மடக்கி ஒரு கண்ணை மூடினாரென்றால் சரியான கோணம் அமையும்வரை அசையமாட்டார். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு முறைதான் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார். அது நாய் துரத்தியபோது.

அவர் மனைவியின் தம்பி பல் டாக்டர். கிளினிக்கில் ஆளில்லாத நேரம் கேமராவோடு கிளம்பிவிடுவான். பொழுதுபோக்கு என்றுதான் ஆரம்பித்தான். ஆறே மாதத்தில் ஆங்கிளுக்குக் கிடைக்கும் அதே ரேட்டைப் போட்டு பில் அனுப்பினான், ஆசிரியரும் கொடுத்தார். மூன்று ஞாயிறாக முதல் பக்கம் டாக்டருடையது. நாலாவதும் அவன் படமென்றால் ஆங்கிளின் நாற்காலி காலி என்று ஆசிரியர் டீயை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"நான் என்னைக்காவது ஞாயித்துக்கிழமை பல்லு பிடுங்கிக் காசு வாங்கியிருக்கேனா?" என்று ஆங்கிள் வீட்டில் குமுறினார். பிடுங்கித்தான் பாருங்களேன், யார் கையைப் பிடித்தது என்றாள் மனைவி. தம்பியை விட்டுக்கொடுக்கிற ஜாதியல்ல அவள்.

சனிக்கிழமை மதியம், இருவரும் கேமராவோடு ஆலை வாசலில் நின்றபோது, வேலையிலிருந்து தூக்கப்பட்ட ஃபிட்டர் ஒருவர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். காவலாளி வெளியே வந்து தடியால் வாயிலேயே ஒன்று போட்டான். ஃபிட்டர் மண்டியிட்டு விழுந்தார். உதடு கிழிந்து தொங்க, முன்பல் ஒன்று ரத்தத்தோடு சட்டையில் வழுக்கி இறங்கியது. ஆங்கிள் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் எடுத்துவிட்டான், ஆனால் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருந்தான்.

"அண்ணே, மூடி போட்டிருந்துது," என்றான் காவலாளியிடம், நோயாளியிடம் வாயைத் திறக்கச் சொல்லும் அதே இதமான குரலில். "இன்னொரு தடவை. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி."

காவலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தொப்பியை நேராக்கினான். பரம்பரையிலேயே பேப்பரில் படம் வரப்போகிற முதல் ஆள் அவன்தான். செய்திப் படத்தை ஜோடித்து எடுப்பது கொலைக்குச் சமம் என்று மேடைக்கு மேடை முழங்கும் ஆங்கிள், சத்தமில்லாமல் முழங்காலை மடக்கி ஒரு கண்ணை மூடினார்.

தடி இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. மூன்று பல் தெறித்தது. இரண்டு கேமராவும் ஒரே நொடியில் க்ளிக். புழுதியில் சுருண்டு கிடந்தவரின் சட்டைப்பையில் கிளினிக் கார்டைச் செருகிவிட்டு டாக்டர் கிளம்பினான்.

மாலையில் ஆசிரியர் மேஜையில் இரண்டு படங்கள் கிடந்தன, எதிரே இருவரும் நின்றார்கள். டாக்டரின் படத்தில், பின்னால் ஓரத்தில் மண்டியிட்டு அடிக்காகக் காத்திருக்கும் ஆங்கிள். ஆங்கிளின் படத்தில், ஓரமாக ஒரு கையில் கேமராவும் மறு கையால் அடிக்கச் சொல்லும் சைகையுமாக டாக்டர். இரண்டு ஓரத்தையும் வெட்டினால் இரண்டுமே உண்மைதான் என்று தீர்ப்பளித்த ஆசிரியர், எதைப் போடுவது என்று பேனாவை உருட்டினார்.

கதவை உதைத்துக்கொண்டு ஃபிட்டர் உள்ளே வந்தார். வாயைச் சுற்றி ரத்தம் ஊறிய துணி. கையில் ஸ்பானர்.

"முதல் அடி கம்பெனி கணக்கு. அதை நான் அங்க பாத்துக்கறேன்," என்றார், காற்றுப் போகிற வாயால். "ரெண்டாவது அடி யார் படத்துக்காக விழுந்துச்சு?"

டாக்டர் ஒரு எட்டு பின்னால் போனான். "மாமாவே சொல்லட்டும். சீனியர் அவர்தான்."

ஆங்கிள் ஸ்பானரைப் பார்த்தார். ஆசிரியரின் பேனாவைப் பார்த்தார். மச்சினன் பெயரைச் சொன்னால் முதல் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகும். இருபத்திரண்டு வருடத்தையும் நெஞ்சில் நிமிர்த்திக்கொண்டு, "என் படத்துக்குத்தான்," என்றார்.

ஸ்பானர் ஒரே வீச்சில் வாயைப் பிளந்தது. ஆங்கிள் மேஜைமேல் சரிந்தார். இரண்டு படத்தின் மேலும் ரத்தம் கொட்டியது. க்ளிக். இந்த முறை மூடி இல்லை.

"இதுதான் முதல் பக்கம்," என்றார் ஆசிரியர், நாற்காலியை ரத்தத்துக்கு எட்டாமல் தள்ளிக்கொண்டு.

டாக்டர் குனிந்து தரையில் கிடந்த பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். "வேரோட வந்திருக்கு மாமா. நானே இவ்வளவு சுத்தமா எடுத்ததில்லை."

ஃபிட்டர் ஸ்பானரைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நீங்க வாங்குற ரேட்டையே நானும் வாங்கிக்கலாமா டாக்டர்?"