சுருங்காத விரல்கள்

ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஸகியா மிஸ் பேசனில் சுடுதண்ணீரை ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, தன் முழங்கையை விட்டுப் பதம் பார்த்தாள். "ரெண்டு கையையும் உள்ளுக்கு வைங்க தங்கச்சி. நான் சொல்லுமட்டும் எடுக்கப்படாது" என்றாள். கலாஜினி வைத்தாள். வலது கைக்கு இதமான சூடு தெரிந்தது. இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வன்னியில் கடைசி நாட்களில் தோளுக்குக் கீழே பாய்ந்த ஷெல் குண்டுத் துண்டை யாரோ எப்படியோ எடுத்துத் தைத்து விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக அந்தக் கை அவளோடு கூடவே வருகிறது, அவ்வளவுதான். அடுப்பில் சுட்டால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

தடுப்பு முகாமிலிருந்து விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாங்கேணிக்கு வந்த மறுநாளே அண்ணன் றஜீவன் தொடங்கிவிட்டான், மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய்க் கையைக் காட்ட வேண்டும் என்று. சும்மா சொல்லக்கூடாது, தங்கச்சியைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். இப்போதும் வெளியே வாங்கில் இருந்து, அவளுடைய கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தாயும் தகப்பனும் சுனாமியோடு போய்விட்டார்கள். இந்த உலகத்தில் அவளுக்கு அவன், அவனுக்கு அவள். வேறு யார் இருக்கிறார்கள்?

அரை மணித்தியாலம் கழித்து ஸகியா மிஸ் வந்து இரண்டு கைகளையும் துணியில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாருங்க. வலது கை விரலெல்லாம் சுருங்கிட்டு. இடது கை அப்படியே கிடக்கு. நரம்பு இன்னும் விரலுக்கு வந்து சேரல்ல."

"அந்தக் கையில தண்ணி ஊறல்லயா மிஸ்?"

"ரெண்டு கையும் ஒரே தண்ணிக்குள்ளதானே கிடந்த? சுருக்கிறது தண்ணியில்ல தங்கச்சி, நரம்பு. தோலுக்கடியில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய இறுக்கச் சொல்லி அதுதான் சொல்லும். சொல்ல ஆளில்லாட்டி நாள் முழுக்க ஊறப் போட்டாலும் விரல் இப்படித்தான் வழுவழுண்டு இருக்கும். கதைக்கத் தெரியாத சின்னப் புள்ளைகளுக்கு இப்படித்தான் பாக்கிற. தொட்டது தெரியுதா, தெரியல்லயாண்டு வாயால எதையும் சொல்லலாம். இதுல பொய் சொல்லேலா."

"ஓம் மிஸ், அண்ணன்ட கையும் சுனாமிக்குப் பிறகு இப்படித்தான் வழுவழுண்டு கிடந்த. குளிக்க வாக்கக்குள்ள பாத்திருக்கன். பிறகு ஒருநாள் இறாலுக்குப் போயிட்டு வந்து..."

சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தவள் அத்தோடு நிறுத்திவிட்டாள். மிஸ் "பிறகு?" என்று கேட்டுக் கொஞ்சம் பார்த்தாள். கலாஜினி தன் வலது கையின் சுருங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் நிறைய இருந்தார்கள். மிஸ் அடுத்த பெயரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, றஜீவனைக் கடல் தூக்கி ஒரு தகரக் கூரையில் அடித்தது. வலது முழங்கைக்கு உட்புறம் தகரம் இறங்கி, நரம்பையும் சேர்த்து அறுத்துவிட்டது. தைத்த டொக்டர் கலாஜினியிடம்தான் விளக்கம் சொன்னார். நரம்பு முளைக்கும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நூலளவுதான் முளைக்கும், முழங்கையிலிருந்து விரல் நுனிக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் செல்லும், பொறுமை வேண்டும் என்றார். மாதம் ஒருமுறை கண்ணை மூடச் சொல்லி, மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டு வந்து, உணர்ச்சி நிற்கிற இடத்தில் பேனையால் கோடு போடச் சொன்னார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் யார் கொடுப்பார்கள்! தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே நல்ல வேலை அதுதான். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை முறித்து வைத்திருந்தாள். "கண்ண மூடுங்க அண்ண. தொட்டாச் சொல்லணும்" என்பாள். "ஓம்" என்பான். "இப்ப?" "ஓம்." "இப்ப?" "இல்ல புள்ள." அந்த இடத்தில் நீலக் கோடு. சில நேரம் ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் தொட்டதாகச் சொல்லுவான். புது நரம்பு வழி தவறிப் போயிருக்கும், மூளை பிறகு பிழையைத் திருத்திக்கொள்ளும் என்று டொக்டர் சொன்னதை அவள் தானே டொக்டர் மாதிரி அவனுக்குச் சொல்லுவாள். கள்ளப் பேச்சு என்று அவன் அவள் தலையில் இடது கையால் குட்டுவான். கோடு மாதாமாதம் இறங்கியது. சித்தாண்டி முருகனுக்கு வெள்ளியில் ஒரு கை செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள்.

இறங்கி வந்த கோடு மணிக்கட்டோடு நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். "இல்ல புள்ள, ஒண்டும் தெரியல்ல." அவள் அழுதாள். அவன் அழவில்லை. வீட்டுக்கு ஓராள் இயக்கத்துக்கு வரவேண்டும் என்று ஊருக்குள் அறிவித்ததும் அந்த மாதங்களில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி யாருக்குத்தான் தோன்றும்?

அப்போதுதான் அந்த நாள். இருவரும் ஆற்றில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு மத்தியானம் வந்தார்கள். றஜீவன் இடது கையால்தான் தடவுவான். வலது கை சும்மா தண்ணீருக்குள் தொங்கும். சாப்பிட உட்கார்ந்தபோது அவனுடைய பத்து விரலும் சுருங்கியிருந்ததை அவள் கண்டாள். பத்தும். "கிழவன்ட கையப் பாருங்களன்" என்று சிரித்தாள். அவன் வலது கையைச் சாரத்தில் துடைத்து, மடிக்குள் வைத்துக்கொண்டான். அவள் சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, அவனுக்கு ஊட்டிவிட்டாள்.

இயக்கத்து ஆட்கள் வந்தது ஒரு பின்னேரம். கை ஏலாது என்றதை நம்பவில்லை. ஒருவன் நெருப்புப் பெட்டியை எடுத்து, குச்சியைத் தட்டி, றஜீவனின் சின்ன விரல் நுனியில் பிடித்தான். றஜீவன் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஓர் அசைவு இல்லை. தோல் கருகுகிற நாற்றம் வந்தது. கலாஜினியால் தாங்க முடியவில்லை. "அவருக்குத் தெரியாது, கை வெந்து போகும், விடுங்க! நான் வாறன். நான் வாறன், அவர விடுங்க" என்று கத்தினாள். குச்சியை ஊதி அணைத்தார்கள். அவர்களுடைய உழவு இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் அண்ணனின் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். விரல்கள் மூடவில்லை. பாவம், நான் பிடிச்சிருக்கிறதும் இவருக்குத் தெரியாதே என்று நினைத்து அதற்காகவே வழி முழுக்க அழுதுகொண்டு போனாள். மூன்று வருடம், பங்கருக்குள் கிடந்த இரவுகளிலெல்லாம், அந்தக் கைக்காக இரக்கப்பட்டாள்.

தடுப்பிலிருந்து அவள் திரும்பி வந்த அன்று அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கண் ரோட்டில், விரல்கள் தாமாகவே முடிச்சைத் தேடிப் பிடித்தன. "நீ போய் ஆறு மாதத்தால கைக்கு உணர்ச்சி வந்த புள்ள, கடவுள் கண்ணத் திறந்த மாதிரி" என்றான். அவள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அட மடச்சி, அட மடச்சி என்று இப்போது பேசனுக்கு முன்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது றஜீவன் எழுந்து நின்றான். "என்னவாம்?"

"இன்னும் வரல்லயாம்."

"வரும், வரும். எனக்கு வரல்லயா?"

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் இருத்தினான். சித்தாண்டியில் கோயில் பக்கம் திரும்பி வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "உன்ட நேர்த்திய நான் செய்திட்டன் தெரியுமா? வெள்ளிக் கை. நல்ல கனம்."

"எப்ப செய்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். பிறகு கண்டக்டர் வருகிறானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். கண்டக்டர் முன்னால்தான் நின்றான். மாங்கேணி வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, உடுப்பு மாற்றி எல்லாம் செய்தாள். கத்தலாமா என்று யோசித்தாள். கத்தி என்ன, மூன்று வருடம் திரும்பி வருமா, கை வருமா? தீயை விரலில் வைத்தபோது இவன் எப்படித்தான் தாங்கினான் என்று ஒரு பக்கம் நெஞ்சு கிடந்து அடித்தது. தாங்கத் தெரிந்தவன்தானே, நான் போகும்போதும் தாங்கிக்கொண்டுதானே நின்றான் என்று மறு பக்கம் பொங்கியது. விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை முறித்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடுங்க அண்ண."

ஈர்க்கைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது. எதற்கென்று கேட்கவில்லை. கண்ணை மூடி, வலது கையை மலர்த்தி அவள் முன்னால் நீட்டினான். சின்ன விரல் நுனியில் தீ சுட்ட தழும்பு வெள்ளையாக மினுங்கியது. மணிக்கட்டில் தொட்டாள்.

"ஓம்" என்றான்.

உள்ளங்கையில் தொட்டாள். "ஓம்." பெருவிரலில் தொட்டாள். "ஓம்." தழும்பின் மேல் ஈர்க்கு படுகிறதோ இல்லையோ என்று தொட்டாள்.

"ஓம். சின்ன விரல்."

"அண்டைக்கு?"

முற்றத்தில் யாருடைய கோழியோ கிளறிக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது.

"அண்டைக்கும் தெரிஞ்ச புள்ள."

"நெருப்பா?"

"நெருப்பும். நீ பிடிச்சதும்."

கலாஜினி ஈர்க்கைக் கீழே போட்டாள். வலது கையால் தன் இடது கையைத் தூக்கி அவனுடைய விரித்த உள்ளங்கையில் வைத்தாள். உடனே அவன் விரல்கள் மூடிக்கொண்டன. ஐந்தும், நகம் வெளுக்க, எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கின. எவ்வளவு இறுக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.