மழை நாள் அரக்கு

"இன்னிக்கே காயணும்," என்றாள் ஒத்தீலியா, இரண்டாவது தடவையாக.

பெயிண்ட் கடைக்காரர் தோன் காஸ்துலோ அடுக்கிலிருந்து எடுத்த வார்னிஷ் டப்பாவை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைக்கு வெளியே மழை. ஏரிக்கரை ஊரான பாட்ஸ்குவாரோவில் ஜூலை மழை விழுவதில்லை, தொங்குகிறது. எதிர்ச்சாரி வீடுகளின் சிவப்பு அடிச்சுவர் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே எல்லாமே வெள்ளை மூட்டம்.

"வார்னிஷா? இந்த ஈரத்துல நாளைக்கும் ஒட்டும், நாளன்னிக்கும் ஒட்டும். என் மச்சான் போன வருஷம் நாற்காலிக்கு அடிச்சுட்டு மறுநாளே உட்கார்ந்தான். அவன் கால்சட்டையில பாதி இன்னும் அந்த நாற்காலியிலதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

"சரி, என்ன சாமான்? மேசையா, கதவா?"

"பெட்டி."

"எவ்வளவு பெரிசு? அளவு சொன்னாத்தானே தாயி, எவ்வளவு வேணும்னு பாக்கலாம்."

வாயைத் திறந்தாள். நீளம், அகலம் எதுவும் வரவில்லை.

"எங்கப்பா அளவு," என்றாள்.

தோன் காஸ்துலோ டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"தோன் இலாரியோவா?"

"விடியக்காலையில."

"போன வாரம்கூட சதுக்கத்துல ஐஸ்க்ரீம் தின்னுட்டு நின்னாரே."

"நேத்து ராத்திரிகூடத் தின்னார்."

ஏரியைச் சுற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர் இலாரியோ. வேலையை விட்டதும் பைன் பலகை வாங்கிவந்து தன் சவப்பெட்டியைத் தானே செய்துகொண்டார். தச்சு வேலை தெரியாது. மூலைகள் சேரவில்லை, மூடி ஒரு பக்கம் தூக்கி நின்றது. ஆனாலும் அவர் சந்தோஷப்பட்டார். பூச்சு மட்டும் பூசவில்லை. 'பூசி முடிச்சா எல்லாம் தயாரான்னு மேலேயிருந்து கேட்டுடுவான்' என்பார். அப்புறம் அதில் மக்காச்சோளம் கொட்டிவைத்தார். மத்தியானங்களில் மூடியின்மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். மரணப் படுக்கையில் நேற்றிரவு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார். "என் பெட்டியிலதான். சரியா?" சரி என்றாள்.

காலையில் தம்பி ருத்தீலியோ குவாதலஹாராவிலிருந்து போனில் பேசினான்.

"சோளப் பெட்டியிலயா? அக்கா, ஊர் என்ன சொல்லும்? புள்ளைக்குப் பெட்டி வாங்க வக்கில்லேம்பாங்க. நான் சவப்பெட்டிக் கடையில சொல்லிட்டேன், நல்ல பெட்டி வருது."

"அவர் கேட்டாருடா."

"அந்தப் பலகையைப் பாத்தியா நீ? சிலாம்பு சிலாம்பா இருக்கு."

"பளபளன்னு ஆக்கிடறேன். ஜெபமாலைக்கு முன்னாடி."

"வந்து பாக்கறேன். பாக்கற மாதிரி இல்லேன்னா கடைப் பெட்டிதான்," என்றான்.

தோன் காஸ்துலோ உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"அரக்கு. அரக்குச் செதிலை வாங்கி இனிமே சாராயத்துல ஊறப்போட்டா நாளைக்குத்தான் ஆகும். இது எனக்குன்னு ஊறவெச்சது, எடுத்துக்கோ. துணிக்குள்ள பஞ்சை வெச்சு உருண்டையாக் கட்டி, தொட்டுத் தொட்டுத் தேய். தேய்க்கும்போதே காயும். ஆனா ஒண்ணு. மழை ஈரத்துல வெளுத்துடும்."

"வெளுத்தா?"

"கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி. சாராயம் தொட்டு லேசாத் துடைச்சா தெளியும். அவசரப்பட்டு அழுத்தாதே, அரக்கே கையோட வந்துடும்." உப்புத்தாளையும் பஞ்சையும் சேர்த்துக் கட்டினார். "பக்கத்துக் கடையில கரும்புச் சாராயம் கேளு. தண்ணி கலக்காதது."

பக்கத்துக் கடைக்காரி பாட்டிலை எடுத்துக்கொண்டே, "துக்க வீட்டுக் காபிக்கா?" என்று கேட்டாள்.

"பெட்டிக்கு."

"ரெண்டுக்குமா வாங்கிக்கோம்மா. பெட்டியை மட்டும் குடிக்க வெச்சா வந்தவங்க கோவிச்சுக்குவாங்க."

திரும்பும் வழியில் தெரு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. காலடிச் சத்தம் சற்றுத் தாமதமாகக் கேட்டது. எங்கோ மணி அடித்தது. அது எந்தக் கோயில் என்று அவளால் சொல்ல முடியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் மெல்ல வந்தன. ஏரி பஸ். அவள் கை தானாக உயர்ந்தது. வண்டி நின்றது. கதவைத் திறந்தவன் முன்பின் தெரியாத இளைஞன். "ஏறலையா?" என்றான். இல்லையென்று தலையாட்டினாள். விளக்குகள் போய்விட்டன.

பள்ளிக்கூட நாட்களில் அவளும் ருத்தீலியோவும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் உட்காருவார்கள். காலையில் முன்கண்ணாடி முழுதும் பனி பூத்திருக்கும். அப்பா சட்டைக்கையால் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் துடைப்பார். அவ்வளவுதான். "மீதியையும் துடைங்கப்பா," என்பான் ருத்தீலியோ. "எதுக்கு? ரோடு தெரியுதில்ல," என்று வண்டியை எடுத்துவிடுவார்.

வீட்டில் பக்கத்து வீட்டு தோன்யா மிகாயெலா பெட்டியைக் காலி செய்திருந்தாள். சோளம் நான்கைந்து வாளிகளில் நிரம்பி நின்றது. "உங்கப்பன் போனதும் போனான், எனக்குக் கொருந்தாக் கொழுக்கட்டை அவிக்கச் சோளத்தையும் எடுத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உள்ளறையில் அப்பா பழைய பஸ் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணயர்ந்த மாதிரி.

ஒத்தீலியா உப்புத்தாள் போட்டாள். பிறகு அரக்கைத் தொட்டுத் தேய்த்தாள். வெளிறிய பைன் பலகை ஈரம் பட்டதும் கண் விழித்ததுபோல் நிறம் கொண்டது. முடிச்சுகள், வரிகள், அப்பா தவறாக அடித்துப் பிடுங்கிய ஆணியின் துளைகள், எல்லாம் தேனுக்கடியில் தெரிந்தன. ஒரு பலகை இடுக்கில் ஒரு சோளமணி சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. அதன்மேலேயே பூசிவிட்டாள். கை போய்வந்து போய்வந்து, மழைச்சத்தமும் துணி உரசும் சத்தமும் ஒன்றாகிவிட்டன. நடுவில் ஒருமுறை, "அப்பா, எழுந்து பாருங்க," என்று உள்ளறைப் பக்கம் திரும்பிச் சொல்லவே சொல்லிவிட்டாள்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது பெட்டி வெளுத்திருந்தது.

தலையிலிருந்து கால்வரை. ஏரி கூடத்துக்குள் வந்து அதன்மேல் படுத்துக்கொண்டதுபோல ஒரு வெள்ளை. சாராய பாட்டிலைத் தேடினாள். தோன்யா மிகாயெலா அதைக் காபிப் பானையின் பக்கத்தில் வைத்து, வந்தவர்களின் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம்.

"இதுக்குத்தான்னு எனக்கென்ன தெரியும்? நல்ல சாராயம்னு எல்லாரும் கேட்டாங்களே!"

அப்போது வாசலில் பேச்சு நின்றது. ருத்தீலியோ நனைந்த தலையோடு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால், தெருமுனையில், சவப்பெட்டிக் கடை வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நேரே உள்ளறைக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் பெட்டியின் முன்னால் நின்றான்.

"மழை," என்றாள் ஒத்தீலியா. "சாராயம் தொட்டு லேசாத் துடைச்சா தெளியும்டா. இவ்வளவுதான் இருக்கு."

அவன் பஞ்சு உருண்டைக்குக் கை நீட்டினான். கொடுத்தாள். மிச்சச் சாராயத்தை அதில் கவிழ்த்தான். தலைமாட்டுப் பக்கம் குனிந்து, அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தான். வெள்ளை விலகியது. தட்டு அளவுக்கு ஒரு வட்டம். உள்ளே பளபளவென்று தேன் நிறம், அதன் ஓரத்தில் அந்தச் சோளமணி.

"கடையில வேற பாட்டில் இருக்கும்," என்றார் யாரோ. "ஓடிப்போய் வாங்கிட்டு வரவா?"

"எதுக்கு?" என்று ருத்தீலியோ அக்காவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, வாசல்வரை போய், கடை வண்டிக்காரனிடம் கையை வீசிக் காட்டினான். வண்டி திரும்பும் சத்தம் மழைக்குள் குறைந்து போனது.

பெண்கள் ஜெபமாலையைத் தொடங்கினார்கள். தலைமாட்டில் ஒத்தீலியா மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெட்டி முழுதும் பனியாகவே இருந்தது. வட்டத்துக்குள் மட்டும் சுடர் தெரிந்தது, தூரத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்குபோல.