சீசாவில் அழுத பிள்ளைகள்

சிலாஸ் ஆர்மராட் என்ற எட்டு மாதக் குழந்தையைப் புதைத்த மறுநாள், 1857 மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, அவனுடைய அழுகை பில்லிங்கின் மருந்துக் கடையில் ஒரு காலி சீசாவிலிருந்து கேட்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் பஞ்சாலை ஊரில் காலி சீசாவைக் கடையில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். பில்லிங் தக்கையை இறுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. சனிக்கிழமைக்குள் நாற்பத்தொரு சீசாக்கள் அழுதன, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் குரலில்.

சிலாஸின் அம்மா கெசையா தறி ஓட்டுபவள். காலை ஆறு மணிக்குப் பிள்ளை பார்க்கும் பெண்ணிடம் குழந்தையை விடும்போது பில்லிங்கின் 'அமைதி மருந்து' சீசாவையும் கொடுத்துவிட்டு ஓடுவாள். பல் முளைக்கும் வலிக்கு, வயிற்றுப் பொருமலுக்கு, முற்றிலும் மூலிகை என்று அதில் அச்சிட்டிருந்தது. குடித்த பிள்ளை அழாது. பசித்தாலும் அழாது. சிலாஸ் ஆறு மாதம் தூங்கித் தூங்கியே வற்றினான். முகம் கிழவன் முகமாகச் சுருங்கியது. சாகும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

கெசையா கடைக்கு வந்தாள். மருந்துக்கு முன் முதல் இரண்டு மாதம் கேட்ட அந்தக் குரலை மூன்றாவது தட்டில் கண்டுபிடித்தாள்.

"இதுக்குள்ள என்னய்யா போட்டே?"

"சர்க்கரைப் பாகு, சோம்பு, அபின். எல்லாம் செடியிலேர்ந்து வர்றதுதாம்மா. அபினும் கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா எத்தனை பிள்ளை?"

"வாங்கினது நீதானே. நானா வந்து ஊத்தினேன்?"

அவள் ஆலைக்குத் திரும்பினாள். தறி இரைச்சலில் எங்கள் பெண்கள் உதட்டசைவிலேயே பேசுவார்கள். அவள் உதடு சொன்ன 'அபின்' என்ற சொல் தறிக்குத் தறி தாவியது. மதிய மணி அடித்ததும் நாற்பது பெண்கள் அவளோடு போய் ஒவ்வொரு தக்கையாகப் பிடுங்கி எறிந்தார்கள். அழுகைகள் வெளியே வந்து கடையிலேயே தங்கிவிட்டன.

பில்லிங் வழக்குப் போட்டார். நீதிபதி கடைக்கே வந்து அழுகைகளைக் காதால் கேட்டார். மருந்து விற்றது குற்றமில்லை, தக்கைகளைச் சேதப்படுத்தியது குற்றம் என்று தீர்ப்பளித்தார். கெசையா ஏழு நாள் சிறையில் இருந்தாள். பில்லிங் பக்கத்து ஊருக்குப் போய், சீசாவில் தேவதைப் படம் ஒட்டி அதே மருந்தை விற்றார். பதினோரு ஆண்டு கழித்து நஞ்சு விற்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பெயர் வைத்து விற்கும் இந்த மாதிரி மருந்துகளுக்கு அதில் விலக்கும் வந்தது. பில்லிங் எழுபத்தொன்பது வயதில் தூக்கத்தில் செத்தார்.

பில்லிங் விட்டுப்போன பழைய கடைக்கு ஒரு தொப்பி வியாபாரி வந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் பெண்கள் வந்து அவரவர் அழுகையைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். யாரும் தாலாட்டுவதில்லை.

"அழுடா," என்பாள் கெசையா. "நல்லாக் கத்து. ஒருத்தரும் வாய அடைக்க மாட்டாங்க."

தொப்பிக்காரர் அந்த அரை மணி நேரம் வெளியே நின்று புகை பிடித்துவிட்டு வருவார்.