பம்பை அணைத்த பிறகு

"மெதுவா மூடு. இன்னும் மெதுவா," சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்த என் கணவரின் குரல் வந்தது. நான் குழாயை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன்.

எங்கள் வீடு ஒரு வேன். அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, பீரோ அகலத்தில் ஒரு குளியலறை. குழாயை வெடுக்கென்று மூடினால், ஓடிவந்த தண்ணீர் முட்டிக்கொண்டு சுவருக்குள் 'டம்' என்று இடிக்கும். தொட்டியை நிரப்பும்போது குழாயில் காற்றும் புகுந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். எங்களுக்குப் பழகிவிட்டது. நேற்று வந்த என் மாமியாருக்கு ஒவ்வொரு இடிக்கும் தூக்கிவாரிப் போட்டது. "இந்தச் சத்தத்துல என்னால இருக்க முடியாதுப்பா, நான் போயிடறேன்," என்றார் காலையில். தனியாகக் கிடக்கும் அம்மாவை எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர் இவர். சாப்பிடாமல்கூட ஸ்பானரை எடுத்துவிட்டார்.

அத்தை வெளியே நாற்காலியில் இருப்பதாக நினைத்தோம். குளியலறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். அது மூடியிருந்தால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தமே இல்லை.

ஆடிய குழாய்களுக்கு ரப்பர் வைத்துக் கட்டினார். துப்பித் துப்பி வந்த தண்ணீர் சீராக விழும்வரை குழாயைத் திறந்துவைத்தோம். குளியலறைக் குழாய் மட்டும் பாக்கி.

டக்.

"இன்னும் காத்து போகலை," என்றார்.

டக். டக்.

"உங்க பைப்புக்கு விக்கல்," என்றேன். இருவரும் சிரித்தோம். 

"பம்பை ஆஃப் பண்ணு. கொஞ்சம் அடங்கட்டும்."

அணைத்தேன். உறுமல் நின்றது. இனி எந்தக் குழாயிலும் தண்ணீர் நகர வழியில்லை.

டக். டக்.

அவர் தலையை வெளியே எடுத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலி காலி.  சத்தம் சுவருக்குள்ளிருந்து வரவில்லை. குளியலறைக் கதவிலிருந்து, தரையோடு தரையாக வந்தது.

"அம்மா," என்று கதவைத் தள்ளினார். ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அத்தை அதன்மேல்தான் விழுந்து கிடந்தார். இந்த வேனின் ஒவ்வொரு திருகையும் தன் கையால் முடுக்கியவர் இவர். கதவின் கீலில் வைத்த ஸ்க்ரூடிரைவர் திருகில் பிடிக்காமல் மூன்று முறை வழுக்கியது.

இடுக்கு வழியாக அத்தையின் குரல் பாதி மூச்சில் வந்தது.

"வேலையா இருந்தியே... அதான் கூப்பிடலை. காத்து போயிடுச்சாடா?"

அவர் மறுபடி ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார். நான் தரையோடு குனிந்து பார்த்தேன். கதவுக்கடியில், சோப்பு டப்பாவைப் பிடித்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை இன்னமும் தட்டிக்கொண்டிருந்தன, சத்தமே இல்லாமல்.