ஒரே டாக்டர், இரண்டு தலை

என் தங்கை கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர். பயிற்சி ஆட்டமொன்றில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது, எதிரே ஓடிவந்தவளின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்தவள் வேலியோரம் நின்ற என்னிடம், "அக்கா, நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டாள்.

கிளப் டாக்டர் பெரிய மனிதர். அதை அவரேதான் எல்லோரிடமும் சொல்வார். அவள் தலையை எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ரத்தக்கசிவு இல்ல, எலும்பு உடையல. நாளைக்கே ஆடலாம்."

"தலை சுத்துது டாக்டர். வெளிச்சம் பட்டாலே வலிக்குது."

"பொம்பளப் பிள்ளைங்களுக்கு எல்லாமே கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் வலிக்கும்" என்று சிரித்தார். கோச்சும் சிரித்தார். டாக்டர் கொட்டாவி விட்டாலும் கூடவே வாயைத் திறக்கிற ஆள்.

அடுத்த வாரம் ஆண்கள் அணி ஸ்டிரைக்கர் கோல்கம்பத்தில் முட்டிக்கொண்டான். அவன் படத்திலும் ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்கு ஒரு மாதம் ஓய்வு, மொபைலைக்கூடத் தொடக்கூடாது. "மூளை விஷயத்துல விளையாடக் கூடாதுப்பா" என்றார் அதே டாக்டர், தழுதழுத்த குரலில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையில் அடிபட்ட ஆண், பெண் ஆட்டக்காரர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிடும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தங்கையை அழைத்துப் போனேன். அங்கிருந்த ஆராய்ச்சியாளர் அம்மா பூசி மெழுகவில்லை.

"மூளை அதிர்ச்சி பெரும்பாலும் சி.டி.ல தெரியாதும்மா. நாங்க நரம்பு இழைங்கள்ல என்ன மாறுதுன்னு பாக்கறோம். ஆணுக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் இருக்கற மாதிரி தெரியுது. ஏன்னு இன்னும் தெரியல. உன் ஒரு படத்த வெச்சு நான் எதையும் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா தலை சுத்துதுன்னு நீ சொல்றதே போதும். ஆடாத."

தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒருவரை அப்போதுதான் பார்த்தோம்.

தங்கை ஆட மறுத்தாள். "நடிப்பு" என்று சொல்லி கோச் அவளை அணியிலிருந்து தூக்கினார். வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். ஒரு பக்கம் வாசிக்க முடியவில்லை என்று அழுதாள். தேறி வரப் பல மாதங்கள் ஆயின. பிறகு வேறு கிளப்பில் சேர்ந்தாள்.

சென்ற மாதம் பழைய கிளப்பில் ஒரு கூட்டம்: வீராங்கனைகளின் தலைக்காயம் பற்றி. நானும் தங்கையும் போயிருந்தோம். சிறப்புப் பேச்சாளர் வேறு யார், நம் டாக்டர்தான்! திரையில் வண்ண வண்ணமாக மூளைப் படங்கள். "பெண்களின் மூளையை நான் ஆரம்பத்திலிருந்தே தனிக் கவனத்தோடு பார்த்து வருகிறேன்" என்றார், கூசாமல். கோச் கைதட்டி ஓய்ந்தபாடில்லை.

முடிந்ததும் தங்கையைப் பார்த்து இரு கைகளையும் நீட்டினார். "வாம்மா, நம்ம பேஷன்ட்டாச்சே! ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"அந்த ஸ்டிரைக்கரக் கூப்பிடுங்க டாக்டர்" என்றாள் தங்கை. "நீங்க வைத்தியம் பாத்தது அவனுக்குத்தான்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. மாறுவதற்கு உள்ளே ஏதாவது உறைக்க வேண்டுமே. காலியாக இருந்த இடத்துக்கு கோச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.