ஏழாவதோடு நின்றவள்

ஆணியிலிருந்து பஸ் சாவியை எடுத்த பானுவை, கட்டிலில் படுத்திருந்த இருதயராஜ் பார்த்துவிட்டான்.

"சாவிய அங்கயே மாட்டு."

"மணி அஞ்சே முக்கா. உங்க தம்பிய எழுப்பிப் பாத்துட்டேன், எந்திரிக்கல. வாயில இன்னும் குடிச்ச நாத்தம். நாசிக் ஃபாட்டா ஸ்டாப்புல இருவது பொம்பளைங்க வண்டிக்கு நிக்கிறாங்க."

"எட்டாவது பாஸ் பண்ணியிருந்தா நீ தாராளமா ஓட்டலாம். கவர்மெண்டே கூடாதுங்குது. நான் என்ன செய்யட்டும்?"

அது 2019. மராத்தி பேசும் கசார்வாடியில் அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்த மினி பஸ். தொழிற்சாலைப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி. இருதயராஜுக்கு இடுப்பு உடைந்த பிறகு தம்பி ஜெயசீலன்தான் ஓட்டினான். பானுவும் நன்றாக ஓட்டுவாள். கல்யாணமான புதிதில், காலி மைதானத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இருதயராஜ்தான். கார் லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தான். ஆனால் ஆளேற்றும் பஸ்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது விதி.

பானு ஏழாவதோடு நின்றவள். வயதுக்கு வந்த பெண் ரயில்வே லைனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அப்பா லூர்துசாமி நிறுத்திவிட்டார். அண்ணன் அதே லைனைத் தாண்டித்தான் காலேஜ் வரைக்கும் போனான். நிறுத்தியவரை எந்த அலுவலகமும் கேள்வி கேட்கவில்லை.

அவள் சாவியை மாட்டினாள். அரை மணி கழித்து ஜெயசீலன் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். போசரி அருகே பஸ் தடுப்புச் சுவரில் மோதியது. சந்திரிகா என்ற பெண்ணுக்கு நெற்றியில் ஏழு தையல். தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பித்தான். பத்தாவது பாஸ், கையில் லைசென்ஸ். அடுத்த வாரமே மறுபடி ஓட்டினான்.

செப்டம்பரில் அந்தப் படிப்பு விதியை அரசாங்கம் நீக்கியது. போனில் வந்த செய்தியைக் காட்டியவள் சந்திரிகாதான். தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"இனிமே நீ ஓட்டு பானு. உன் பின்னாடி பயமில்லாம உக்காரலாம்."

பானு வீட்டுக்கு ஓடினாள். இருதயராஜிடம் செய்தியைச் சொன்னாள்.

"சட்டம் விட்டா ஆச்சா?" என்றான் அவன். "நான் இங்க படுத்துக் கிடக்கேன். என் வண்டிய நீ ஓட்டிட்டுப் போனா, என்ன ஆம்பளன்னு கேக்க மாட்டானுங்களா?"

"அப்ப இத்தன நாளா சட்டம் சட்டம்னு சொன்னது?"

"அது இருந்தது எனக்கு வசதியாப் போச்சு."

அவன் அதை ஒளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வீட்டு வண்டியைத் தொட முடியாததால், பிம்ப்ரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். காலையில் சமைத்து, அவனைத் துடைத்து உடை மாற்றிவிட்டு, பயிற்சிக்குப் போவாள். பஸ் லைசென்ஸ் வந்தது. கோர்படியில் கம்பெனிகளுக்குப் பஸ் விடும் சுப்ரமணியனிடம் வேலை கேட்டாள். அவர் அவளை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"கை சுத்தமா இருக்கும்மா. நாளைக்கே வா. வீட்டுக்காரர்கிட்ட ஆட்சேபமில்லைன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதி வாங்கிட்டு வந்துடு."

"ஆம்பள டிரைவருங்க பொண்டாட்டிகிட்ட வாங்கியாந்தாங்களா சார்?"

"அவங்கள யாரு கேக்கப்போறா?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

கடிதம் எழுதச் சொல்லி அவள் நீட்டிய வெற்றுத் தாளைப் பார்த்ததும் இருதயராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை பானு அந்தத் தாளைச் சுப்ரமணியனின் மேஜைமேல் வைத்தாள். 'நான் பஸ் ஓட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து: பானு.

"இது உன் கையெழுத்தாச்சே?"

"ஓட்டப்போறது நான்தானே சார்."

அவர் தாளைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, நகரவும் இல்லை. அன்று ஒரு டிரைவர் வரவில்லை. வெளியே வண்டிக்குள் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சுப்ரமணியன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணாம் நம்பர் வண்டி. இன்னிக்கு மட்டுந்தான்."

"சரி சார்," என்று பானு வண்டியை நோக்கி நடந்தாள்.