நான்கு நொடி முன்னால்

1

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம். நான் சொன்ன ஒரு பொய்யை உண்மையாக்க, கக்கத்தில் இரண்டு பெட்டிகளை இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். இந்தக் கதை அந்த ஓட்டத்தில் பிறந்தது. அதனால் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

வேலை இதுதான். பழைய அனலாக் ஒளிபரப்பு அந்தச் செவ்வாய் நண்பகலோடு நிற்கும். அதன்பின் டிஜிட்டல் மட்டும். பழைய டிவி வைத்திருப்பவர்கள் அதோடு ஒரு பெட்டியை இணைக்க வேண்டும். வீடு வீடாகப் போய் இதைச் சொல்லவும், பெட்டியை இணைக்கவும், வாசல் கதவில் 'தயார்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டவும் நான்கு மாதத்துக்கு ஆள் எடுத்தார்கள். என் பங்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். தெருவில் என் பெயர் பெட்டிக்காரம்மா. எங்கள் மேற்பார்வையாளரின் பெயர் நூறு சதவீதம். அவருக்குத் தெரியாது.

"எவ்வளவு முடிஞ்சது?"

"தொண்ணூத்தொன்பது சதவீதம், சார்."

"அதெல்லாம் ஒரு நம்பரா?"

2

தொடக்கங்கள்.

'மனிதகுலம் காலந்தோறும் அலைகளின் வழியே' — நிறுத்திவிட்டேன். மனிதகுலத்துக்கு நான் பெட்டி இணைக்கவில்லை.

'அவளுடைய வாழ்க்கையில் ஒரே ஒரு ஜன்னல்' — ஜன்னல்கள் நான்கு. எண்ணியிருக்கிறேன்.

ஒரு சுவர். இந்தப் பக்கம் தையல்காரி, அந்தப் பக்கம் டீச்சர்.

இது நிற்கும்.

3

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் மனைவி டீச்சர், தம்பி மனைவி தையல்காரி. (அண்ணனையும் தம்பியையும் முடிவெட்டிக்கொள்ள அனுப்பிவிட்டேன். கதை முடியும்வரை கடையில் கூட்டம் குறையாது.) ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த சுவர். நடுவில் ஒரு கதவு, இரு பக்கமும் தாழ்ப்பாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், தையல்காரி கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரம், விருந்தாளிகள் முன்னால் டீச்சர் அவளிடம் ஏதோ கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. "சரியான மக்கு" என்று டீச்சர் சிரித்தார். அன்று சாயங்காலம் தையல்காரி தன் பக்கத் தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தம் கேட்டு டீச்சரும் போட்டார்.

சுவர் மட்டும் மெல்லியது. தினமும் ஏழு மணிக்கு இரு பக்கமும் ஒரே வினாடி வினா நிகழ்ச்சி. டீச்சர் விடையைச் சுவருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது சுவருக்கே தெரியும்.

4

தெருவில் முதலில் பெட்டி வாங்கியவர் டீச்சர். நான்தான் இணைத்தேன். ஆகவே நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்.

ஐந்து வாரம் கழித்துத் தையல்காரி வீட்டுக்கு நாலாவது முறையாகப் போனேன்.

"பெட்டி வேணாம்."

"இலவசம்க்கா."

"சும்மா குடுத்தா பாம்பைக்கூடப் பிடிச்சுக்கணுமா? உக்காரு. சத்தம் போடாத. ஏழாகப் போகுது."

உட்கார்ந்தேன். சுவரைத் தாண்டாத அளவுக்கு டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். டிவியில் கேள்வி: ஒரு காலத்தில் புகைப்பட வெளிச்சத்துக்காக எரிக்கப்பட்ட உலோகம் எது? போட்டியாளர் விழித்தார். 'சரியான விடை, மெக்னீசியம்' என்றார் நடத்துபவர். தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பிக் கூவினாள்:

"மெக்னீசியம்!"

ஒன்று. இரண்டு. மூன்று. சுவருக்கு அப்பாலிருந்து அதே நடத்துபவரின் குரல்: 'சரியான விடை…'

பிறகு டீச்சர்: "அடிப்பாவி! இதுவுமா தெரியும் உனக்கு?"

தையல்காரி வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். நானும் ஒரு துண்டுத் துணி வாங்கிக்கொண்டேன்.*

* டிஜிட்டலில் படத்தை நிலையத்திலேயே சின்னதாக மடித்து அனுப்புகிறார்கள். வீட்டுப் பெட்டி அதைப் பிரித்து விரிக்கிறது. மடிக்கவும் பிரிக்கவும் நான்கு நொடி. அனலாக், மடிக்காத துணி. நேராக வந்து விழும். இந்த விளக்கம் தையல்காரியுடையது. எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதற்குப் பதினோரு பக்கம்.

5

இங்கே ஒரு சந்தேகம். டீச்சர் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவர் இதில் ஏமாறுவாரா?

எனக்கும் இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புதியது முந்தும், பழையது பிந்தும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? புதுப்பெட்டி வாங்கியதாலேயே பின்தங்கிவிட்டோம் என்று எந்தக் கணக்கு டீச்சருக்குத் தோன்றும்?

ஆக, மக்கு மேதையானாள். முதல் வாரம் டீச்சர் முணுமுணுத்தார். இரண்டாம் வாரம் கேள்விக்கு முன்னாலேயே சுவரைத் தட்டி, "கவனிடி" என்றார். மூன்றாம் வாரம் நடுக்கதவில் ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் தன் பக்கத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்.

"அப்புறம் நீங்க ஏங்க்கா உங்க பக்கம் எடுக்கலை?" என்று கேட்டேன்.

"எடுத்தா வந்து உக்காருவாங்க. உக்காந்தா இந்த டிவியும் அந்த டிவியும் சேர்ந்து காதுல விழும். இந்த வயசுல நான் திரும்ப மக்காகணுமா?"

வெட்டும் மேசைமேல் சாக்கட்டியில் எழுதியிருந்தது: மார்பு 36, இடுப்பு 32, கழுத்து 14, மெக்னீசியம், கை 9, பாதரசம்.

"இது என்னங்க்கா?"

"அளவு" என்று துணியை இழுத்து மூடினாள்.

6

என் பொய். இருநூற்றுப் பதினொரு வீடு முடிந்திருந்தது. நூறு சதவீதம் தினமும் மூன்று முறை போன் செய்தார். வெள்ளிக்கிழமை தையல்காரி வீட்டுக் கதவில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். உள்ளே பெட்டி இல்லை. "கடைசி நாள் வரைக்கும் விட்டுடும்மா" என்று அவள் கேட்டிருந்தாள். அலுவலகத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

செவ்வாய் பன்னிரண்டு மணிக்குத் தையல்காரி போன் செய்தாள்.

"டிவி முழுக்க எறும்பு ஓடுதும்மா, படமே இல்ல."

"நின்னுடுச்சுக்கா. இனி வராது."

"ஏழு மணிக்கு நான் என்ன சொல்லுவேன்?"

உடனே போயிருக்கலாம். ஆனால் 'தயார்' ஆன இருநூற்றுப் பதினொரு வீடுகளில் பாதி, ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னை அழைத்தன. ஒரு வீட்டில் பெட்டிக்குமேல் பூந்தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதனால்தான் ஆறு நாற்பத்தொன்றுக்கு ஓட்டம்.

7

முடிவுகள்.

அ) டீச்சருக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். (கை தானாக எழுதிய முடிவு. அடித்துவிட்டேன்.)

ஆ) ஏழு மணிக்கு முதல் கேள்வி தையலைப் பற்றி வருகிறது. அவள் சொந்தமாக விடை சொல்கிறாள். கேள்வியைப் போடுவதே நான்தான், முடியாதா என்ன? ஆனால் வினாத்தாளைக் கசியவிட்டவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

இ) கரண்ட் போகிறது. (வெட்கமாக இருக்கிறது.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதுவரை நான் உங்களைவிட நான்கு நொடி முன்னால் இருந்தேன். எழுதுகிறவளின் மேதைமை அவ்வளவுதான்: உங்கள் பக்கம் வருவதற்குமுன் என் பக்கம் வந்துவிடுகிறது. நான் கூவுகிறேன், நீங்கள் வியக்கிறீர்கள். இனிமேல் என் பக்கமும் டிஜிட்டல். சேர்ந்தே பார்ப்போம்.

8

ஆறு ஐம்பது. இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைக்கிறேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி.

"இது மத்ததைவிட அரை நொடி முன்னால ஓடும்க்கா. டீச்சர்கிட்ட இருக்கறது அந்த இன்னொண்ணு, மெதுவா ஓடுறது."

"அரை நொடியில 'மெ'ன்னு சொல்லலாம். 'க்னீசியம்' யாரு வந்து சொல்லுவா?"

"அப்ப எது?"

"அவங்ககிட்ட இருக்கறதே போடு."

வயரைச் செருகுகிறேன். சேனல் தேடல் தொடங்குகிறது. பன்னிரண்டு சதவீதம். முப்பத்தேழு. அவள் ஊசியில் நூல் கோக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி கோக்கிறாள். எண்பது. சுவருக்கு அப்பால் நிகழ்ச்சியின் தொடக்க இசை. தொண்ணூற்றொன்பது. அங்கேயே நிற்கிறது.

"அதெல்லாம் ஒரு நம்பரா?" என்று கத்துகிறேன். என் குரலில் நூறு சதவீதம் பேசுகிறார்.

நூறு.

படம். சட்டைப் பொத்தானை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. நடத்துபவர் வணக்கம் சொல்கிறார். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே வணக்கம். வீடு மறுபடி ஒன்றானதுபோல் ஒரே குரல்.

"காலர் கோணலா தச்சிருக்கான்" என்கிறாள் தையல்காரி. பழைய மங்கல் படத்தில் இத்தனை நாள் அது அவளுக்குத் தெரியவில்லை.

சுவரில் தட்டல். "கவனிடி!"

முதல் கேள்வி: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?

கழுத்து அவளுடைய துறை. தெருவில் எல்லாக் கழுத்தின் அளவும் அவளுக்கு மனப்பாடம். துணியை விலக்கி மேசையைப் பார்க்கிறாள். மெக்னீசியம் இருக்கிறது. பாதரசம் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி இல்லை. சாக்கட்டியை எடுக்கிறாள், வைக்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.

விடை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் அவளுக்குக் கேட்காது.

போட்டியாளர் விழிக்கிறார். இருபுறமும் ஒரே விழிப்பு. அப்பால் நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். அது சுவரை விட்டு நடுக்கதவுக்கு வந்து நிற்கிறது. இந்தப் பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது. மேசையிலிருந்து அதற்கு நான்கு எட்டு.

"ஏண்டி, தெரியலையா? எனக்கும் தெரியலை. என் பக்கத் தாழ்ப்பாளை எடுத்து மூணு வாரமாச்சு, உன் பக்கம் எப்ப எடுக்கப் போற?"